அப்பம் ஐந்தாக இருக்கும்போதே

மாசக் கடைசி. அக்கவுண்ட்ல இருக்கிறது வாடகைக்கே பத்தாது. இதுல எப்படி ஸ்தோத்திரம் சொல்றது?

யோவான் 6-ஆம் அதிகாரம் எடுங்க. பிலிப்பு உடனே கணக்குப் போடுகிறார்: 200 பணத்துக்கு அப்பம் வாங்கினாலும் பத்தாது. ஒரு பணம்னா அன்றைக்கு ஒரு நாள் கூலி. கணக்கு சரிதான், அவரைக் குறை சொல்ல முடியாது. இருந்தது ஒரு பையனோட ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன். வாற்கோதுமை ஏழைகளோட சாப்பாடு. இயேசு அதைக் கையில் எடுத்து ஸ்தோத்திரம் பண்ணுகிறார். எப்போ? சுமார் 5000 பேர் சாப்பிட்டு, 12 கூடை மீந்த பிறகு இல்லைங்க. அப்பம் இன்னும் ஐந்தாகவே இருக்கும்போது!

இன்னும் வராத சம்பளத்துக்காக ஜெபம் பண்ணுங்க, தாராளமா கேளுங்க. அதுக்கு முன்னாடி, அக்கவுண்ட்ல இருக்கிற அந்தத் தொகையை அப்படியே சொல்லி நன்றி சொல்லுங்க.