குருதியும் குலமும்

(நமது சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் நம் மரபின் பழம்பெருமையைப் பேசுமாறு எம்மைப் பணிப்பது செயலாளர் வழக்கம். இவ்வாண்டு அதனை விடுத்துக் குருதிப் புற்றுநோயைப் பற்றியும், அது தீர மருத்துவ அறிஞர் கண்ட வழிகளைப் பற்றியும் சில கூற விரும்பினோம். தமிழாசிரியர்க்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். யாம் மருத்துவரல்லேம்; மருந்து கூறவும் வந்திலேம். ஆயின், இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்று மருந்துக்கடையில் இல்லை. இவ்வவையில் வீற்றிருக்கும் உங்கள் என்பினுள் இருக்கின்றது. ஆதலின் இது மருத்துவர் மட்டுமே பேசி முடிக்கத்தக்க பொருளன்று.

நம் முன்னோர் உடலை ஏழு தாதுக்களால் ஆயது என்றனர். அவற்றுள் குருதியும் ஒன்று. என்பினுள் உறையும் மச்சையும் ஒன்று. இவ்விரண்டும் தாயும் சேயும் போல்வன என்பதை, 1868 ஆம் ஆண்டில் எர்னஸ்ட் நியூமன் என்னும் ஜெர்மானிய அறிஞர் எடுத்துக் காட்டினார். குருதியின் அணுக்கள் மச்சையிலேயே பிறக்கின்றன. செவ்வணு ஒன்றின் வாழ்நாள் ஏறக்குறைய 120 நாள். மடிந்தவற்றை ஈடு செய்ய, நொடிதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் செவ்வணுக்கள் புதியனவாய்ப் பிறக்கின்றன. இவ்வளவு விளைவிற்கும் வித்தாய் நிற்பவை மூல அணுக்கள்; ஸ்டெம் செல் என இக்காலத்தார் வழங்குவன இவையே. உழவர் வீட்டுக் குதிரில் விதைநெல் தனியே காக்கப்படுதல் போல, இவை தம் இனத்தைத் தாமே பெருக்கிக் கொண்டு, செவ்வணு, வெள்ளணு, தட்டணு ஆகிய மூவகை விளைவிற்கும் முதலாகின்றன.

இவ்வயலில் ஒரு களை முளைத்தால் என்னாகும்? அதுவே குருதிப் புற்றுநோய். முதிர்ச்சியடையாத வெள்ளணுக்கள், காக்கும் தொழிலையும் செய்யாமல், காலத்தில் மடியவும் செய்யாமல் பெருகி மச்சையை அடைத்துக் கொள்கின்றன. செவ்வணு குறைதலின் உடல் வெளிறிச் சோர்கின்றது. நல்ல வெள்ளணு இன்மையின் காய்ச்சல் விடாது வருகின்றது. தட்டணு குறைதலின் பல் ஈறிலும் மூக்கிலும் குருதி கசிகின்றது. தோலில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. 1845 இல் இந்நோயை ஆராய்ந்து எழுதிய விர்ச்சோ, சில ஆண்டுகளில் வெண்குருதி என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் இதற்குப் பெயரிட்டார். பெயர் கிடைத்தது, மருந்து கிடைக்க நூறாண்டு சென்றது.

அம்மருந்தின் வரலாற்றில் நம் நாட்டார் ஒருவர்க்கு இடம் உண்டு. 1895 இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்கா சென்றவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். லெடர்லி ஆய்வுக் கூடத்தில் அவர் தலைமையில் இயற்றப்பட்ட அமினோப்டெரின் என்னும் மருந்தினைப் பாஸ்டன் நகரத்து மருத்துவர் சிட்னி ஃபார்பர் நோயுற்ற குழந்தைகட்கு அளித்தார். 16 குழந்தைகளுள் 10 பேர்க்கு நோய் தணிந்ததென 1948 இல் எழுதினார். தணிந்தது, தீர்ந்ததில்லை. சில திங்களில் நோய் மீண்டது. ஆயினும், அசையாக் கல் அன்று முதன்முறையாக அசைந்தது. அதன்பின் ஒரு மருந்தோடு மற்றொன்றைக் கூட்டியும், அளவை மாற்றியும், ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பெற்றோர் இசைவோடு ஆராய்ந்ததன் பயனாக, மருத்துவ வசதி மிக்க நாடுகளில் குழந்தைகட்கு மிகுதியாய் வரும் அவ்வகைப் புற்றில் பத்தில் ஒன்பது பேர் அளவில் இன்று பிழைக்கின்றனர்.

ஆராய்ச்சி என்பது யாதென்று ஈண்டு ஒரு சொல் கூறுதல் வேண்டும். "நம்மைச் சோதனை எலியாக்குகின்றனர்" என்னும் பேச்சு நம் இல்லங்களில் வழங்குகின்றது. பழைய மருந்தோடு புதிய மருந்தை ஒப்பிட விழையும் மருத்துவர், தமக்கு வேண்டியவர்க்கு ஒன்றும் வேண்டாதவர்க்கு மற்றொன்றும் தருவாராயின், உண்மை புலப்படாது. ஆதலின், நோயாளர் இசைவைப் பெற்று, நம் ஊர்ச் சபைகளின் குடவோலை போலத் திருவுளச் சீட்டால் இரு பிரிவாக்கிப் பயனை எண்ணிப் பார்க்கின்றனர். இசைந்தவர் எப்பொழுது வேண்டுமாயினும் விலகலாம். இதுவே முறை.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. குருதிப் புற்றில் ஒரு வகை, குருதிக் கசிவால் விரைந்து உயிர் கவர்வது. அதற்கு ஆர்செனிக் பயன்படுமெனச் சீன மருத்துவர் கண்டனர். நம் சித்தர் மரபில் வெள்ளைப் பாடாணம் எனப்படும் நஞ்சே அது. நம் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் அந்நோயாளர் 72 பேர்க்கு முதல் மருந்தாக அஃதொன்றையே அளந்து தந்து, நூற்றுக்கு 86 பேர் அளவில் நோய் முற்றும் தணிந்ததை 2006 இல் வெளியிட்டனர். பின்னர் இத்தாலியரும் ஜெர்மானியரும் சீட்டு முறையில் ஆராய்ந்து 2013 இல் வெளியிட்டதில், ஆர்செனிக்கும் உயிர்ச்சத்து ஏ வழிவந்த மருந்தொன்றும் பெற்றவருள் நூற்றுக்கு 97 பேர் ஈராண்டு இடையூறின்றி இருந்தனர். பழைய முறையிற் புற்றழிக்கும் மருந்தும் சேர்த்துப் பெற்றவருள் 86 பேர். இதனைக் கேட்டுப் பாடாணத்தை வீட்டில் உண்ணத் துணியற்க. நஞ்சு மருந்தாவது அளவறிந்து, இதயத் துடிப்பைச் சோதித்துத் தருவார் கையிலேயாம்.

இனி மாற்றுமுறைக்கு வருவாம். மருந்தால் அடங்காத களைக்கு என் செய்வது? வயலை முழுதும் எரித்துப் புதிய விதைநெல்லைத் தூவுவது. கடுமருந்தாலும் கதிராலும் நோயாளரது மச்சையை அழித்து, பிறரது மூல அணுக்களை நரம்பு வழியே செலுத்துகின்றனர். அவை தாமே வழி கண்டு என்பினுட் புகுந்து குடியேறுகின்றன. இதனை 1950களில் தொடங்கியவர் டொனால் தாமஸ் என்னும் அமெரிக்கர். 1957 இல் அவர் எழுதிய முதற் கட்டுரையின் அறுவருள் நெடுநாள் வாழ்ந்தார் ஒருவரும் இலர். அவர் விட்டாரில்லை. 1977 இல், பிற மருத்துவமெல்லாம் பயனற்றுப் போன 100 பேரைப் பற்றி எழுதினார். 13 பேர் நோயின்றி வாழ்ந்திருந்தனர். பதின்மூன்று சிறிய எண்ணென்று கருதற்க, அந்நூற்றுவரும் கைவிடப்பட்டவர். 1990 இல் அவர்க்கு நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் இம்முறை 1983 இல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986 இல் வேலூரிலும் தொடங்கப்பட்டது.

முதலிற் பலர் மாண்டது ஏன்? பொருத்தமின்மையால். நம் அணு ஒவ்வொன்றின் மேலும் இன்னார் என உணர்த்தும் குறிகள் சில உள. இவற்றுள் முதற் குறியை 1958 இல் கண்டவர் ஜான் தோசே என்னும் பிரெஞ்சு அறிஞர். குறி ஒவ்வாதாயின், புகுந்த அணுக்கள் புகலளித்த உடலையே பகையெனக் கொண்டு தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும். இக்குறிகளில் ஒரு பாதி தந்தையிடமிருந்தும் மறு பாதி தாயிடமிருந்தும் வருவன. ஆதலின், உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. வீட்டிற்கு ஒரு பிள்ளை இரு பிள்ளையாய்ச் சுருங்கிய இந்நாளில், உடன்பிறந்தார் உதவுவர் என்று எத்தனை பேர் நம்பியிருக்கலாகும்? பாதிப் பொருத்தமுடைய பெற்றோரின் அணுக்களைக் கொண்டு செய்யும் முறையும் இப்பொழுது வளர்ந்துள்ளது. எனினும், முழுப் பொருத்தம் உடையாரைத் தேடும் தேவை ஒழிந்ததில்லை.

அயலாருள் அவரைத் தேடுதற்காகவே பதிவேடுகள் எழுந்தன. உலக முழுதும் 4 கோடிக்கு மேற்பட்டோர் பதிந்துள்ளனர். நம் சென்னையிலே 2009 இல் தொடங்கிய தாத்ரி என்னும் பதிவேடும் உண்டு. ஆயின், நம் நாட்டு மக்கள் தொகையை நோக்கப் பதிந்தவர் மிகச் சிலரே. அமெரிக்கப் பதிவேட்டை ஆராய்ந்து 2014 இல் வெளியிட்ட கணக்கின்படி, ஐரோப்பிய வழியினர்க்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 75. கறுப்பின மக்களுள் ஒரு பிரிவினர்க்கு 16. எவ்வினத்தார் பதியவில்லையோ, அவ்வினத்தார் பிள்ளைக்கே கேடு.

இங்கேதான் இப்பொருள் நம் சங்கத்தைத் தொடுகின்றது. ஒரே மரபினுள் மணந்து வருவாரிடையே சில குறித் தொகுதிகள் மீண்டும் மீண்டும் தோன்றும். மாமன் மகள், அத்தை மகன் என உறவில் மணக்கும் குடும்பங்களில், ஒன்றுவிட்ட உறவினர் பொருந்துதலும் சிலபோது உண்டு. (அவ்வழக்கம் வேறு பிறவி நோய்களுக்கு இடந்தரும் என்பதையும் மறவற்க.) ஆதலின், நம் மரபின் பிள்ளை ஒருவர்க்கு ஏற்ற ஈகையாளர் நம்மிடையே இருத்தல் கூடும், அவர் பெயர் ஏட்டில் இல்லையாயின் இருந்தும் பயனென்?

"அங்ஙனமாயின், நமக்கென்றே ஒரு பட்டியல் வைத்துக் கொள்வோமே" என்று அன்பர் ஒருவர் எம்மிடம் கூறினார். ஊர்க் குளத்தைத் தெருவிற்கு ஒன்றாகக் கூறுபோட்டால், ஒருவர்க்கும் நீர் இராது. எல்லார்க்கும் சேறே எஞ்சும். பல கோடிப் பேரிடையேயும் பொருத்தம் அரிதாகும் ஒன்றைச் சில ஆயிரம் பேரிடை அடைத்து வைத்தல் அறிவுடைமையன்று. நம் பிள்ளைக்குப் பொருந்துபவர் நாம் பெயரும் அறியாத ஊரில் இருத்தலும் கூடுமே! பொதுவேட்டிற் பதிதலே முறை. ஈவார்க்கு ஏற்பார் இன்னாரென்பது அப்பொழுது தெரியாது. அத்தெரியாமையே அக்கொடையின் தூய்மை.

மற்றோர் அச்சம், "முதுகெலும்பிலிருந்து எடுப்பர், கைகால் விளங்காது போம்" என்பது. அது பொய். பதியுங்கால் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பதன்றி வேறில்லை. பொருத்தம் நேரின், ஐந்து நாள் ஊசி மருந்தால் மூல அணுக்களைக் குருதியிற் பெருக்கி, ஒரு கையிற் குருதியை எடுத்து, பொறியால் அவற்றைப் பிரித்து, எஞ்சியதை மறு கையிற் செலுத்துவர். சில மணி நேரத்தில் முடியும். சில நாள் என்பு வலியும் தலைவலியும் தோன்றி மறையும். சிலபோது இடுப்பென்பிலிருந்து மயக்க மருந்து கொடுத்து எடுப்பதுண்டு. அதுவும் முதுகுத் தண்டன்று. புறாவிற்காகத் தன் தசையை அரிந்த சிபி மன்னனுக்கு அத்தசை குறைந்தே போயிற்று. உங்கட்கோ கொடுத்தது மீண்டும் ஊறிவிடும்.

சென்ற ஆண்டு நம் மரபைச் சேர்ந்த இளைஞர் ஒருவர்க்கு அழைப்பு வந்தது. கல்லூரியில் விளையாட்டுப்போலப் பதிந்தவர், இசைந்தார். வீட்டார் அழுது தடுத்தமையின் பின்வாங்கினார். எங்கோ ஒரு தாய் அன்று பெற்ற நம்பிக்கை அன்றே அவிந்தது. இதனினும் கொடியது ஒன்று உண்டு. நோயாளரின் மச்சையை அழித்த பின்னர் ஈவார் மறுத்தால், அவர்க்கு முன்னதும் இல்லை, பின்னதும் இல்லை. ஆதலின், பதியுமுன் வீட்டாரோடு அமர்ந்து பேசுங்கள், துணிவில்லையேல் பதியற்க. பதிந்தபின் பின்வாங்கற்க.

இறுதியாக ஒன்று. குருதியைக் கொண்டு குலம் பேசுவது நம் இயல்பு. இச்சங்கமும் அவ்வியல்பிற் பிறந்ததே. மாற்றுப் பெற்று உய்ந்தவரின் குருதியை ஆராய்ந்தால், அஃது ஈந்தவர் குருதியாகவே இருக்கும். குருதி வகையும் ஈந்தவரது வகையாக மாறிவிடும். பெண்ணொருத்தி ஈந்ததை ஆண் பெற்றால், அவன் குருதியணுக்கள் பெண்ணின் குறியையே தாங்கும். அவன் தன் தாய்க்கு மகனல்லனோ? நம் மரபின் மகன் ஒருவன் யாரோ ஒருவர் குருதியோடு இவ்வவையில் வந்து அமர்ந்தால், எழுந்து போ என்பேமோ? என்னேம் அல்லமோ? ஆயின், குலம் என்பது நரம்பினுள் ஓடுவதன்று. ஒருவர்க்கொருவர் செய்யும் நன்மையில் நிலைபெறுவது என்று கொள்வோமாக.

சங்கத்தார்க்கு எமது வேண்டுகோள் மூன்று. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் 18 அகவை நிரம்பியோர் பதிதற்கு ஒரு முகாம் அமைக்க. வேலூர்க்கும் சென்னைக்கும் இந்நோயோடு செல்லும் குடும்பங்கள் பல திங்கள் தங்க நேர்தலின், உறைவிடத்திற்கும் உணவிற்கும் சங்க நிதியில் ஒரு பகுதி ஒதுக்குக. அவ்வுதவியை எம்மரபினர்க்கும் மறுக்கற்க. குருதியும் தட்டணுவும் அளிக்க முன்வருவோர் பெயரைத் தொகுத்து வைக்க. திருமண மண்டபத்திற்குக் கல் நாட்டிய கைகள் இதனையும் செய்ய வல்லன என்று நம்புகின்றோம்.