செவ்வொளி மண்டலங்களின் பிறப்பு



வானத்தைப் பாடாத கவிஞர் இலர். எனினும் பாடப்பெற்றவை பெரும்பாலும் நிலவும் தனி விண்மீன்களுமே. பல்லாயிரம் கோடி விண்மீன்கள் கூடிய மண்டலங்கள் பால்வழிக்கு அப்பாலும் உண்டு என்பது உறுதிப்பட்டு ஏறத்தாழ நூறாண்டுகளே ஆகின்றன. அவற்றுள் ஒரு வகையின் பிறப்பு வரலாறு, ஒரு சொல் அறிவை எங்கெல்லாம் இழுத்துச் செல்லும் என்பதையும் காட்டுவதால், சொல்லோடு வாழ்வோர் கூடும் அவைக்கு உரியதாகிறது.

1926ஆம் ஆண்டு எட்வின் ஹபிள் மண்டலங்களை வடிவத்தால் வகைப்படுத்தினார். கைகளை விரித்துச் சுழல்வன சுருள் மண்டலங்கள். கைகளும் தட்டும் இன்றி, ஒளியைத் திரட்டி உருட்டி வைத்தாற்போல் தோன்றுவன நீள்வட்ட மண்டலங்கள். எளிமையிலிருந்து சிக்கலுக்குச் செல்லும் வரிசையில் நீள்வட்டங்களைத் தலைப்பில் நிறுத்தி, அவற்றிற்கு 'முந்தைய வகை' என்று பெயரிட்டார். வரிசையைச் சுட்டும் பெயரே அன்றிக் காலத்தைச் சுட்டுவது அன்று என அவரே எச்சரித்தார். பயன் இல்லை. நீள்வட்டம் முதிர்ந்து சுருளாகும் என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது. ஜேம்ஸ் ஜீன்ஸின் கோட்பாடும் அதற்குத் துணை நின்றது.

உண்மை வேறு. சுருள் மண்டலங்களில் குளிர்ந்த வாயு நிறைந்திருக்கிறது; அதிலிருந்து புதிய விண்மீன்கள் இன்றும் பிறக்கின்றன. பெரும் நீல விண்மீன்கள் சில கோடி ஆண்டுகளுக்குள் எரிந்து முடிபவை. ஆகவே நீலம் தென்படும் இடமெல்லாம் அண்மைப் பிறப்பின் அடையாளம். நீள்வட்டங்களிலோ அந்த நீலம் அரிது. வாயு தீர்ந்து, பிறப்பு நின்று, முதிய விண்மீன்களின் செவ்வொளியே எஞ்சியிருக்கிறது. சுருளிலிருந்து நீள்வட்டம் பிறக்கலாம், மறுதலை எளிதன்று.

எவ்வாறு பிறக்கும்? எஸ்தோனியாவில் பிறந்த ஆலர் தூம்ரே, யூரி தூம்ரே என்னும் உடன்பிறந்தார் இருவர், இரண்டு சுருள் மண்டலங்கள் நெருங்கினால் ஒன்றையொன்று ஈர்த்து நீண்ட வால்களாக விண்மீன்களை வீசும் என்பதை 1972இல் கணிப்பொறியால் காட்டினர். அத்தகைய இணைவின் எச்சமே நீள்வட்டம் ஆகலாம் என்று ஆலர் 1977இல் முன்மொழிந்தார். விரைந்து வரும் இரு மண்டலங்கள் விலகிப் போகாமல் ஏன் ஒன்றாகின்றன என்ற கேள்விக்கு விடை முன்னரே இருந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1943இல் அதனை எழுதினார். விண்மீன் கூட்டத்தினூடே செல்லும் பெரும்பொருள் சுற்றியுள்ளவற்றைத் தன்பால் இழுக்கிறது. அவை அதன் பின்னே திரள்கின்றன. அத்திரளே அதனைப் பின்னோக்கி ஈர்த்து வேகத்தைத் தணிக்கிறது. கடந்து செல்வது, தான் ஈர்த்தவற்றாலேயே தடைப்படுகிறது. கவிஞருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் இணைவு மட்டுமே முழு விடை ஆகவில்லை. பெரும் நீள்வட்டங்களின் விண்மீன்களில் இரும்பை நோக்க மக்னீசியம் மிகுதி. மக்னீசியம், விரைந்து வாழ்ந்து வெடிக்கும் பெரும் விண்மீன்களின் கொடை. இரும்பின் பெரும்பகுதியோ வெண்குறு விண்மீன்கள் தாமதித்து வெடித்துத் தருவது. இரும்பு வந்து சேருமுன்பே அங்குப் பிறப்பு முடிந்துவிட்டது என்பதே பொருள். மெல்ல மெல்லச் சேர்ந்த குடும்பமாயின் இந்தக் கணக்கு இவ்வாறு வாராது.

2005ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கிய ஆய்வுகள், தொல்பழம் பேரண்டத்தில் பெருநிறை கொண்டும் மிகச் சிறிய உருவில் ஒடுங்கிய சிவந்த மண்டலங்களைக் கண்டன. அவையே கரு என்றும், பிற்காலத்தில் சிறு மண்டலங்களை விழுங்கிப் புறத்தே பருத்தன என்றும் இன்று பலர் கொள்கின்றனர். கரு திடீரெனப் பிறந்தது. உடல் பொறுமையாய் வளர்ந்தது. பழைய கோட்பாடுகள் இரண்டுக்கும் பாதிப்பாதி நியாயம்.

2021 இறுதியில் விண்ணேறிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வியப்பைக் கூட்டியது. ஜிஎஸ்-9209 என்னும் மண்டலம், பெருவெடிப்பிற்குப் பின் 125 கோடி ஆண்டுகளே கழிந்த காலத்து ஒளியில் தெரிகிறது. சூரியனைப்போல் ஏறத்தாழ 4000 கோடி மடங்கு நிறையுள்ள விண்மீன்களைச் சுமார் 20 கோடி ஆண்டுகளில் ஈன்றுவிட்டு, அப்போதே அது ஓய்ந்திருந்தது. நடுவில் ஒரு பெருங்கருந்துளை. அதன் வெப்பமும் வீச்சும் வாயுவை விரட்டியிருக்கக்கூடும் என்பர். அவ்வளவு விரைவில் அவ்வளவு பெரிய அணைப்பு எவ்வாறு நேர்ந்தது என்பதில்தான் இன்று வழக்கு.

நமது பால்வழியும் ஆந்திரமேதை மண்டலமும் ஒருநாள் கலந்து நீள்வட்டம் ஆகும் என்பது நெடுநாள் உறுதியாகச் சொல்லப்பட்டது. 2025இல் வெளியான கணக்கு, அடுத்த ஆயிரம் கோடி ஆண்டுகளுக்குள் அது நிகழும் வாய்ப்பைப் பாதிக்குப் பாதி என்றே வைத்திருக்கிறது.