தடித்த கையுறை போதுமா?

மறைமலை நகர்ப் பட்டறையிலோ கல்பாக்கம் பக்கத்து வேலைத்தளத்திலோ வெல்டிங் செய்பவருக்கு எந்தக் கையுறை நல்லது? தடித்ததுதான் என்பார்கள் பலர். ராடு பிடித்துச் செய்யும் ஆர்க் வெல்டிங்குக்கு அது சரி. தெறிக்கும் தீப்பொறியைத் தடித்த மாட்டுத்தோல் தாங்கும். ஆனால் மெல்லிய கம்பியை விரல்நுனியால் நகர்த்தும் டிக் வெல்டிங்கில் அதுவே பிடியைக் கெடுக்கிறது. பிடி கிடைக்காதவர் கழற்றி வைத்துவிடுகிறார். கழற்றிய கையுறை யாரைக் காக்கும்? அங்கே மெல்லிய ஆட்டுத்தோல்தான் பொருத்தம்.

மெல்லியது சீக்கிரம் கிழியாதா என்று கேட்கலாம். தோலுக்கு முன்னால் தையல் விட்டுப்போவதுதான் சகஜம். பருத்தி நூல் பொறி பட்டுக் கருகும், நைலான் உருகும். 1965இல் ஸ்டெஃபனி குவோலெக் கண்டுபிடித்த கெவ்லார் இழையில் திரித்த நூல் நின்று பிடிக்கும். விலை கூடத்தான் செய்யும். ஆனாலும் தையல் விட்ட மலிவுக் கையுறையை அடிக்கடி மாற்றுவதும் செலவுதானே? மாமல்லபுரம் கடலோரப் புழுக்கத்தில் இன்னொரு சங்கதி: வியர்வையில் ஊறிய தோல் மின்சாரத்தைக் கடத்தும். அதனால் ஒரே ஜோடியை நாள் முழுக்கப் போடாமல், இரண்டை மாற்றி மாற்றிப் போட்டு நிழலில் உலர்த்தலாம். உச்சிவெயிலில் காயப்போட்டால் தோல் அப்பளமாய் விறைத்துவிடும்.