தண்டவாளத்து இடைவெளி எங்கே போச்சு?

முன்னெல்லாம் ரயிலில் போனால் 'தடக் தடக்'னு ஒரு தாளம் கேட்கும், இல்லையா? தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விட்டிருந்த இடைவெளியைச் சக்கரம் தாண்டும் சத்தம் அது. வெயிலில் இரும்பு நீளும். நீள இடம் வேணுமே!

ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 0.012 மில்லிமீட்டர் நீளும். இவ்வளவுதானான்னு தோணும். ஆனா 1 கிலோமீட்டருக்கு 40 டிகிரி ஏறினால் 48 சென்டிமீட்டர். ஒன்றரை அடிக்கு மேல!

இப்போ பல பாதைகளில் இடைவெளி விடாமல் பற்றவைத்துவிடுகிறார்கள். அப்போ அந்த ஒன்றரை அடி எங்கே போகும்? இரண்டு கோடிகளில் மட்டும் கொஞ்சம் அசையலாம். நடுப்பகுதியை ஸ்லீப்பரும் ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நீள முடியாத இரும்புக்குள்ளே அழுத்தம் சேரும். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தில், பொருத்தியபோது இருந்ததைவிட 30 டிகிரி கூடினால் 50 டன்னுக்கு மேல் விசை. ஜல்லி எங்காவது தளர்ந்திருந்தால் போச்சு, பாதை பக்கவாட்டில் பாம்பு மாதிரி நெளிந்துவிடும். ரயில் தடம் புரளலாம்.

ரொம்பக் குளிர்ந்தாலும் சிக்கல்தான். சுருங்க முடியாமல் இழுபட்டு விரிசல் விடலாம். அதனால்தான் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு வெப்பநிலை பார்த்துத் தண்டவாளத்தைப் பூட்டுகிறார்கள். கோடையில் உச்சி வெயிலில் ஊழியர்கள் பாதையோடு நடந்தே பார்த்து வருகிறார்கள்.

வெயிலுக்காக ரயில் வேகத்தைக் குறைச்சா சலிச்சுக்காதீங்க. கீழே இரும்பு முட்டிக்கிட்டு நிற்குது. அடுத்த பகுதியில் சந்திப்போம்.