பிள்ளையாரும் பள்ளிக்கூடமும்



பிள்ளையார்பட்டியில் குன்றைக் குடைந்து கோயில் கட்டி ஆயிரம் ஆண்டுகட்கு மேலாகின்றது. பிள்ளையார் வித்தைக்கு அதிபதியென்றும், எதை எழுதினாலும் அவர் சுழியே முதலில் வேண்டுமென்றும் சொல்லுகின்றார்கள். அப்படியானால் இத்தனை காலமாய் அவர் யாருக்கு வித்தை கொடுத்தார் என்று கேட்கின்றேன். 1901-ஆம் வருஷத்து ஜனக்கணக்கின்படி இந்தியாவில் படித்தவர் நூற்றுக்கு 5 பேர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. 2011-இல் நூற்றுக்கு 73 பேர். பெண்களில் 65 பேர். இடையில் பிள்ளையார் மாறவில்லை, பள்ளிக்கூடம்தான் வந்தது.

அதுவும் சும்மா நிலைத்துவிடவில்லை. 1953-இல் ஆச்சாரியார் கிராமப் பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்கச் சொன்னார். நாம் கிளர்ச்சி செய்தோம். 1954-இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. 1956-இல் மதிய உணவும் வந்தது. 1947-இல் சட்டம் வரும்வரை பல கோயில்களுக்குள் நுழைய முடியாதிருந்தவர் பிள்ளையும் மற்றவர் பிள்ளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்டார்கள்.

இன்று ஆபத்து நம்மாலேயே வருகின்றது. வசதியுள்ளவர்கள் பிள்ளையை வேனில் ஏற்றிப் பட்டணத்துக்கு அனுப்பினால், ஊர்ப்பள்ளியில் யார் இருப்பார்கள்? பிள்ளையில்லாத பள்ளியை மூடத்தானே செய்வார்கள்? வேன் கூலிக்கு வழியற்றவன் பிள்ளை எங்கே போகும்?

ஆகவே தோழர்களே, உண்டியல் காசைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள். பிள்ளையையும் அங்கேயே சேருங்கள். கொழுக்கட்டை இல்லாவிட்டால் பிள்ளையார் வாடமாட்டார். பள்ளிக்கூடம் இல்லாவிட்டால் ஏழைப் பிள்ளைகள் வாடிப்போவார்கள்.