சீறடி நடந்த வழி



கணவனும் மனைவியுமாக அயல்நாடு சென்று, அங்குள்ள சிற்றூர்களையும் மலைகளையும் கால்நடையாகவே கண்டு திரும்புவோர் இன்று மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் இருக்கின்றனர். பயணம் எப்படி என்று கேட்டால், கணவர் தொலைவையும் உயரத்தையும் சொல்வார். மனைவியார் செருப்புக் கடித்த இடத்தைச் சொல்வார். பயண இலக்கியத்துக்கு எது தேவையானது என்பதில் கவிஞர்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். இளங்கோவடிகள் இரண்டாமவர் பக்கமே நின்றார்.

தமிழில் பயண நூல்களுக்குக் குறைவில்லை. உலகைச் சுற்றி வந்து எழுதிய ஏ.கே. செட்டியார் இருக்கிறார். சிட்டியும் தி. ஜானகிராமனும் காவிரியைத் தொடர்ந்து சென்று எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி' 1971-இல் வந்தது. எனினும் கணவனும் மனைவியும் சேர்ந்து நடந்த ஒரு நெடும்பயணத்தை விரிவாகக் காண விழைவோர் சிலப்பதிகாரத்துக்கே திரும்ப வேண்டியுள்ளது. சங்க அகப்பாடல்களில் உடன்போக்கு உண்டு. ஆனால் அங்கே நடப்பவர்களுக்குப் பெயரில்லை. சிலம்பில் பெயரும் உண்டு, வழியும் உண்டு. வேற்றுநாடு என்பதற்கு அக்காலத்தில் கடல் கடக்க வேண்டியதில்லை; புகார் வணிகனுக்குப் பாண்டிநாடு வேற்றரசன் நாடே.

சென்னை நகரம் கண்ணகியை நிற்பவளாகவே அறிந்திருக்கிறது. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரீனாவில் வைக்கப்பட்டு, 2001-இல் அகற்றப்பட்டு, 2006-இல் மீண்டும் நிறுவப்பட்ட சிலை, கையில் சிலம்போடு நியாயம் கேட்டு நிற்பது. பாடநூல்களிலும் வழக்குரை காதை இடம்பெற்றதுண்டு. முப்பது காதைகளுள் நாடுகாண் காதை தொடங்கிப் புறஞ்சேரி இறுத்த காதை முடிய உள்ள நான்கும் வழிநடைக் காதைகள். அவற்றைக் கடந்தே மாணவர் மதுரைக்குத் தாவுகின்றனர். உ.வே. சாமிநாதையர் 1892-இல் சிலம்பைப் பதிப்பித்துத் தந்தபோது அந்நடை முழுதும் தமிழுலகுக்குக் கிடைத்துவிட்டது. படிப்பவர்தாம் குறைவு.

விடியுமுன் வீட்டின் வாயில் கடந்து புறப்படுகின்றனர் இருவரும். புகாரின் எல்லை நீங்கிச் சற்றுத் தொலைவிலேயே கண்ணகி இளைத்துப்போய், மதுரை எது என்று வினவுகிறாள். அவனோ நாட்டுக்கு அப்பால் ஆறைங்காதந்தான், அருகில்தான் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஆறைந்து முப்பது. கேட்கும் காதுக்கு அது ஐந்தோ ஆறோ போல் ஒலிக்கும். இன்றைய சாலைக் கணக்கில் பூம்புகாரிலிருந்து மதுரை 250 கிலோமீட்டருக்கு மேல். மனைவியை அஞ்சவிடாமல் இருக்க ஒரு கணவன் எண்ணை மடக்கிச் சொன்ன இவ்விடம், காப்பியத்தில் அவ்விருவருக்கும் இடையே நிகழும் மிக இயல்பான பேச்சுகளுள் ஒன்று. மணந்த பின்னர் மாதவியிடம் சென்றுவிட்டவன் அவன். இல்லறம் என்று சொல்லத்தக்கது அவர்களுக்கு வழியில்தான் வாய்த்தது.

கவுந்தியடிகள் உடன்வர இசைந்ததும் வழியின் இடர்களைச் சொல்கிறார். சோலை வழியே சென்றால் கிழங்கு தோண்டிய குழிகளை உதிர்ந்த சண்பகப் பூக்கள் மூடியிருக்கும். மஞ்சளும் இஞ்சியும் விளைந்த இடத்தில் பலாக்கொட்டைகள் பரல்போல் காலில் உறுத்தும். வயல் வழியே சென்றால் நீர்நாய் கவ்விய வாளைமீன் கண்டு கண்ணகி நடுங்கக்கூடும். கரும்பில் தொடுத்த தேன் ஒழுகிப் பொய்கை நீரில் கலந்திருக்கும்; தாகத்தில் அறியாது அவள் குடித்துவிடக்கூடும். வரப்பில் நண்டும் நத்தையும் மிதிபட்டு நோகும். உலகில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பல, காலுக்கு என்ன நேரும் என்று சொல்லும். காலால் என்ன நேரும் என்றும் சேர்த்தே கவலைப்படும் வழிகாட்டி அரிது. சமணத் துறவியின் அறம் என்று உரைகள் சொல்லிச் செல்லும். அறம் இங்கே பாதத்தின் அளவுக்கு இறங்கி வந்திருப்பதே நோக்கத்தக்கது.

நாளொன்றுக்கு ஒரு காதத்துக்குமேல் நடக்க அவர்களால் இயலவில்லை. அரங்கத்தருகே ஓடமேறிக் காவிரியின் தென்கரை சேர்ந்தபின், சோலையில் ஒருத்தியும் ஒருவனும் இவர்களை இகழ்ந்து பேசுகின்றனர். இவர்கள் என் மக்கள் என்று கவுந்தி சொல்ல, ஒரு வயிற்றுப் பிள்ளைகள் கணவன் மனைவி ஆவதுண்டோ என்று அவர்கள் கேட்க, அடிகள் அவர்களை நரிகளாகச் சபித்துவிடுகிறார். நரியின் ஊளை கேட்டு நடுங்கி, அறியாமையால் பேசியவரை மன்னிக்குமாறு கோவலனும் கண்ணகியும் ஒரே குரலாக வேண்டுகின்றனர்; சாபம் பன்னிரு திங்கள் என வரையறை பெறுகிறது. வழிநடையில் இருவரும் சேர்ந்து பேசும் பேச்சு இதுவே. அதுவும் தம்மை இகழ்ந்த இணைக்காக.

உறையூர் தாண்டி வருகையில் மாங்காட்டு மறையோன் எதிர்ப்பட்டு, கொடும்பாளூர்க் குளத்தருகே வழி சூலம்போல் மூன்றாகப் பிரியும் என்கிறான். வலப்புறம் சிறுமலை வழி. இடப்புறம் திருமால்குன்றத்து வழி. அங்கே உள்ள பொய்கைகளில் மூழ்கினால் பழம்பிறப்பறிவும் வேண்டியது யாவும் கிட்டும். நடுவில் உள்ளது காடும் ஊரும் மாறிமாறி வரும் வழி. வரங்கள் தமக்கு வேண்டா என்று கவுந்தி மறுக்க, மூவரும் நடுவழியே செல்கின்றனர். மலைகள் இரண்டும் சொல்லளவில் நின்றுவிடுகின்றன.

பாண்டிநாட்டில் வெயில் பொறுக்கமாட்டாமல் இரவில் நடக்கலாம் என்கிறான் கோவலன். இந்நாட்டு அரசன் செங்கோல் காரணமாகப் புலியும் கரடியும் பாம்பும் வழிச்செல்வோருக்குத் தீங்கு செய்யா என்பது அவன் கேள்வியறிவு. தன்னைக் கொல்லப்போகும் கோலையே அவன் புகழ்கிறான். நிலவெழுந்தபின், புலி உலவினும் ஆந்தை அலறினும் கரடி உறுமினும் கலங்காது நட என்று சொல்லி, வளையணிந்த அவள் கைக்குத் தன் தோளைக் காட்டுகிறான். இதற்கிணையான இல்லறக் காட்சி புகார்க் காண்டத்தில் இல்லை.

மதுரைப் புறநகரில் மாதரியின் மனையில் கண்ணகி சமைத்துப் பரிமாறிய பிறகே இருவரும் மனம் திறக்கின்றனர். மெல்லடி நோவக் கடுவழி நடத்தி வந்தேனே என்று அவன் வருந்துகிறான். நல்லோர் ஏற்காத நெறியில் தாங்கள் சென்றீர்கள் என்று அவள் முதன்முறையாகச் சொல்கிறாள். முப்பது காதம் நடந்த பிறகு வந்த அச்சொல்லைக் கற்புக்குரிய பொறுமையின் சான்றாக மட்டும் படிக்கும் வழக்கம் போதாது. புகாரில் அச்சொல்லைக் கேட்க அவன் வீட்டில் இருந்ததில்லை.

அதன்பின் நிகழ்ந்தவை அனைவரும் அறிந்தவை. கட்டுரை காதையின் இறுதியில் கண்ணகி மீண்டும் நடக்கிறாள், இம்முறை தனியாக. இரவு பகல் அறியாமல் வையைக் கரையைப் பற்றிச் செல்கிறாள். பள்ளத்தில் இறங்குகையில் அதைப் பள்ளமென்று உணரவில்லை. மேட்டில் ஏறுகையில் மேடென்று உணரவில்லை. பலாக்கொட்டை உறுத்துமே என்று கவுந்தி கவலைப்பட்ட அதே பாதங்கள். கணவனோடு வந்தபோது ஏறாத மலையை அவள் ஒருத்தியாக ஏறி, வேங்கை நிழலில் நிற்கிறாள். அவளைக் கண்டு யார் என்று கேட்டவர் குன்றக் குறவர்.

அம்மலை தேனி மாவட்டத்துக் கூடலூருக்கு மேலே தமிழக, கேரள எல்லையில் உள்ளதெனப் பலரும் கருதுகின்றனர். அங்குள்ள மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கொரு நாள், சித்திரை முழுநிலவன்று திறக்கப்படுகிறது. அன்று பளியன்குடிப் பாதையில் நடந்து ஏறுவோரில் கணவனும் மனைவியுமாக வருவோர் பலர்.