நீரிணையின் மதிப்பும் சுற்றுவழியின் விலையும்



நீரிணைகளும் பன்னாட்டுக் கடல் வணிகமும் என்னும் பொருளில் நடக்கும் இந்த இரண்டு நாள் கருத்தரங்குக்குத் தலைமை தாங்கும் பொறுப்பை எனக்கு அளித்தமைக்கு நன்றி. நிகழ்ச்சி நிரலில் ஹோர்முஸ், பாபெல் மாண்டெப், பாஸ்பரஸ், ஜிப்ரால்டர் எனப் பல நீரிணைகள் இடம்பெற்றுள்ளன. தலைமை உரையில் எல்லாவற்றையும் தொட்டுச் சென்றால் ஒன்றையும் உருப்படியாகச் சொல்ல முடியாது. ஆகவே மலாக்கா நீரிணை ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். மற்ற நீரிணைகளையும் எடைபோட உதவும் ஓர் அளவுகோலை அதன் வரலாறு நமக்குத் தருகிறது.

அந்த அளவுகோல் இதுதான்: ஒரு நீரிணையைத் தவிர்த்துச் சுற்றிப் போக என்ன செலவாகுமோ, அதுவே அந்த நீரிணையின் மதிப்பு. அந்தச் செலவுக்கு மேல் கரையை ஆள்பவர் பறிக்கப் பார்த்தால் கப்பல்கள் வேறு வழி தேடிக்கொள்ளும்.

முதலில் நிலவியல். சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்த நீரிணை கிடக்கிறது. வடமேற்கில் அகன்று தொடங்கித் தென்கிழக்கே போகப் போகக் குறுகி, சிங்கப்பூரை ஒட்டிய பிலிப்ஸ் கால்வாயில் கப்பல் செல்லும் வழி மூன்று கிலோமீட்டருக்கும் குறைவாகிவிடுகிறது. அகலத்தைப் போலவே ஆழமும் சிக்கல்தான். சில இடங்களில் ஆழம் 25 மீட்டரைக்கூடத் தொடுவதில்லை. பெரிய கப்பலின் அடிப்பகுதிக்கும் கடல் தரைக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்பது இங்கு விதி. இத்தனை நெருக்கடியிலும் ஆண்டுக்கு 80,000-க்கு மேற்பட்ட கப்பல்கள் இவ்வழியே போகின்றன. 2023-இல் நாளொன்றுக்கு இரண்டு கோடிப் பீப்பாய்க்கு மேல் எண்ணெய் இதைக் கடந்தது.

இதற்கு மாற்றுவழி உண்டா? உண்டு. சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் இடையிலான சுண்டா நீரிணை அருகில் இருக்கிறது. ஆனால் அதன் கிழக்கு முனை ஆழமற்றது, நீரோட்டமும் கடுமை. பாலிக்குக் கிழக்கே உள்ள லொம்போக் நீரிணை மிக ஆழமானது. ஆனால் வளைகுடாவிலிருந்து ஜப்பான் போகும் எண்ணெய்க் கப்பலுக்கு ஏறத்தாழ மூன்று நாள் கூடுதல் பயணம். அந்த மூன்று நாள் எரிபொருளும் கப்பல் வாடகையும்தான் இன்று மலாக்காவின் விலை.

இதோடு ஹோர்முஸை ஒப்பிடுங்கள். மிகக் குறுகலான இடத்திலும் அதன் அகலம் 30 கிலோமீட்டருக்கு மேல். மலாக்காவைவிடப் பத்து மடங்கு. ஆனால் அது ஒரே வாசல் வைத்த வீடு. சவூதி அரேபியா யான்பு வரைக்கும், ஐக்கிய அரபு அமீரகம் புஜைரா வரைக்கும் குழாய் போட்டு ஒரு பகுதி எண்ணெயை வெளியே கொண்டுவரலாம். குவைத்துக்கும் கத்தாருக்கும் பஹ்ரைனுக்கும் கடலில் வேறு வழியே இல்லை. வரைபடத்தில் அகலமாகத் தெரியும் ஹோர்முஸ், வணிகத்தில் மலாக்காவைவிட இறுக்கமானது. அகலத்தை மட்டும் அளந்து முடிவுக்கு வருகிறவர்கள் தவறுவது இங்கேதான்.

இனி வரலாறு. ஸ்ரீவிஜயப் பேரரசு இந்த நீரிணையின் இரு கரைகளிலும் செல்வாக்குச் செலுத்தியது. தன் துறைமுகத்துக்குள் வராமல் கடந்துபோகும் வணிகக் கப்பல்களை அது படகுகளை அனுப்பித் தாக்கியது என்று சீன அதிகாரி சாவ் ருகுவா 1225-ஐ ஒட்டிய தம் நூலில் பதிவு செய்கிறார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே, 1025-இல், ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தையும், நீரிணையின் வடக்கு வாயிலில் இருந்த கடாரத்தையும் தாக்கியது. இதற்கான காரணம் என்ன? சோழநாட்டின் கீழைக்கடல் வணிகத்துக்கு ஸ்ரீவிஜயம் இடையூறு செய்திருக்கலாம், அல்லது இது திக்குவிஜய வேட்கையாக இருக்கலாம் என்று நீலகண்ட சாஸ்திரி இரு வாய்ப்புகளை முன்வைத்தார். முன்னதே பொருத்தம் என்று நான் கருதுகிறேன். வென்ற ஊர்களைச் சோழர் தம் மண்டலமாக்கி ஆளவில்லை. வணிகர்களோ அப்பகுதியில் நிலைத்தார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில், நீரிணைக்கு வெளியே, கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற பாருஸில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருப்பது அதற்குச் சான்று.

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா சுல்தான்கள் வேறு வழியைக் கையாண்டார்கள். வெவ்வேறு நாட்டு வணிகர்களுக்கென ஷாபந்தர் எனப்படும் துறைமுக அதிகாரிகள் நால்வரை அமர்த்தினார்கள்; குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு ஒருவர் என்று பொறுப்புப் பிரிந்திருந்தது. கிடங்கு, தீர்வை, வழக்கு எல்லாவற்றுக்கும் ஒழுங்கு இருந்தது. பருவக்காற்று மாறும்வரை காத்திருக்க வேண்டிய வணிகனுக்கு இவை வேண்டும். கப்பல்கள் விரும்பி வந்தன.

1511-இல் அல்புகர்க் மலாக்காவைக் கைப்பற்றினார். நீனா சாத்து என்ற தமிழ் வணிகரை அவர் பெண்டகாரா என்னும் உயர் பதவியில் நியமித்தார். ஆனால் போர்ச்சுகீசியர் நகரைப் பிடித்தார்களே தவிர வணிகத்தைப் பிடித்து வைக்க முடியவில்லை. அனுமதிச் சீட்டு, தீர்வை, பகைமை மூன்றும் சேர்ந்ததும் முஸ்லிம் வணிகர்கள் ஆச்சேவுக்கும் ஜோகூருக்கும் போனார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையை ஒட்டிச் சென்று சுண்டா நீரிணை வழியே ஜாவாவை அடைந்தார்கள். பாந்தன் துறைமுகம் வளர்ந்தது. 1641-இல் மலாக்காவைப் பிடித்த டச்சுக்காரர்கள் தங்கள் தலைமையிடத்தை பத்தாவியாவிலேயே வைத்துக்கொண்டதால் மலாக்கா இரண்டாம்பட்சமாயிற்று. 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரைத் தீர்வையில்லாத் துறைமுகமாக நிறுவினார்கள். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்களுக்கு மலாக்காவே குறுக்குவழி ஆனது. நீரிணை அதே இடத்தில்தான் இருந்தது. சுற்றுவழியின் விலை மாற மாற அதன் மதிப்பு ஏறி இறங்கியது.

நம் காலத்திலும் கதை இதுதான். கடற்கொள்ளை மிகுந்ததால் 2005-இல் லண்டன் காப்பீட்டுச் சந்தையின் கூட்டுப் போர்க்குழு மலாக்காவைப் போர் அபாயப் பகுதிப் பட்டியலில் சேர்த்தது. இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் கடலிலும் வானிலும் ரோந்தை முடுக்கின. 2006-இல் பெயர் நீக்கப்பட்டது. போர் நடக்கவில்லை, வழி அடைபடவில்லை. காப்பீட்டுக் கட்டணம் உயரும் என்ற அச்சமே மூன்று அரசுகளையும் விரட்டியது.

செங்கடலில் நடந்தது இன்னும் கடுமையானது. 2023 நவம்பர் முதல் ஹூதிகளின் தாக்குதலால் பெரும் கப்பல் நிறுவனங்கள் பாபெல் மாண்டெப்பைக் கைவிட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பத்து நாளுக்குக் குறையாத கூடுதல் பயணம். திருப்பூர்ப் பின்னலாடைக்கு ஐரோப்பா எட்டாத தூரமாகிவிடவில்லை. ஆனால் கன்டெய்னர் வாடகை பன்மடங்காயிற்று, சரக்கு தாமதமாயிற்று. சூயஸ் கால்வாய்க்கு வரவேண்டிய வருமானம் பாதிக்கு மேல் போயிற்று. நீரிணை அடைபட்டால் வணிகம் நிற்பதில்லை. அதன் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பதே கேள்வி.

அந்தச் சுமையைக் கணக்கிடாத அரசியல் பேச்சு நிறைய உண்டு. மலாக்காவைச் சார்ந்திருப்பது ஆபத்து என்று சீனா 2003 முதல் கவலைப்படுகிறது. மியான்மரின் சாவ்பியூவிலிருந்து குன்மிங்குக்குப் போட்ட எண்ணெய்க் குழாய் 2017-இல் இயங்கத் தொடங்கியது. அதன் முழுக் கொள்ளளவும் சீனா இறக்குமதி செய்யும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. நம் பாக் நீரிணையும் அப்படித்தான்: சேதுக் கால்வாய்க்குத் திட்டமிட்ட ஆழம் 12 மீட்டர், உலக வணிகத்தைச் சுமக்கும் பெருங்கப்பல்கள் அதில் நுழைய முடியாது. குறுகிய கடலெல்லாம் கேந்திர நீரிணை ஆகிவிடாது.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். 1982-ஆம் ஆண்டுக் கடற்சட்ட உடன்படிக்கை பன்னாட்டு நீரிணைகளில் எல்லாக் கப்பல்களுக்கும் கடப்புரிமை தருகிறது. கடந்துபோவதற்கென்று கரைநாடு சுங்கம் கேட்க முடியாது. டென்மார்க் தன் நீரிணையில் நூற்றாண்டுக் கணக்காக வாங்கிய சுங்கம் 1857-இல் இழப்பீட்டுடன் முடிவுக்கு வந்ததிலிருந்து உலகம் இந்தத் திசையில்தான் நகர்ந்துள்ளது. ஆனால் கலங்கரை விளக்கு, மிதவை, மூழ்கிய கப்பலை அகற்றல், எண்ணெய்க் கசிவு ஆகியவற்றின் செலவு கரையிலேயே தங்குகிறது. பயன்படுத்தும் நாடுகளும் ஒத்துழைக்க வேண்டும் என்கிறது 43-ஆம் உறுப்பு. 2007-இல் மலாக்காவுக்கென ஓர் ஒத்துழைப்பு ஏற்பாடு உருவானது. ஆனாலும் அதில் பணம் தருவது விருப்பத்தின்பாற்பட்டது. வழி திறந்திருப்பதால் பெரும்பயன் பெறுவோர் அதைப் பேணும் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்பதே என் நிலை.

இந்தியாவுக்கு வருவோம். கப்பல் மாற்றி ஏற்றப்படும் நம் சரக்கில் ஏறத்தாழ முக்கால் பங்கு கொழும்பு, சிங்கப்பூர், கிள்ளான் போன்ற அயல் துறைமுகங்களில் கைமாறி வந்தது. 2025 மே மாதம் விழிஞ்ஞம் துறைமுகம் முறைப்படி தொடங்கப்பட்டது. மலாக்காவின் மேற்கு வாயிலை நோக்கிய பெரிய நிக்கோபாரில், கலத்தியா விரிகுடாவில், துறைமுகம் அமைக்கும் திட்டமும் உள்ளது. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கரை அது. ஷொம்பேன் மக்களின் தீவு அது. அங்கே கப்பல்கள் நிற்க ஒப்புமா, நின்றால் யாருக்கு இலாபம், யாருக்கு இழப்பு என்ற கணக்கைக் கட்டுமானத்துக்கு முன்பே ஆய்வாளர்கள் கேட்டாக வேண்டும்.

அறிஞர்களே, இந்த அவையிடம் மூன்று வேண்டுகோள்கள். வரைபடத்தோடு நிற்காமல் பயண நாள், எரிபொருள், காப்பீடு ஆகியவற்றின் கணக்கோடு பேசுங்கள். கரையோர மீனவரின் பாடுகளைத் தனிப் பொருளாக எடுத்து ஆராயுங்கள். பாருஸ், தக்குவாபா போன்ற இடங்களின் தமிழ்க் கல்வெட்டுகளைச் சீன, அரபு, மலாய் ஆவணங்களோடு சேர்த்து வாசியுங்கள். நம் கல்வெட்டியலாரும் கடல்சார் பொருளியலாரும் இன்னும் தனித்தனி அறைகளில்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு நாளாவது ஒரே மேசையில் அமர்ந்து பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.